கேமரா ஓட்டையைச் சுற்றிப் போகும் கம்பிகள்

நேயர்களுக்கு வணக்கம். ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் இருபது வருடமாகச் செல்போன் பழுது பார்க்கிறேன். என்ன பேசப் போகிறீர்கள் என்று நிலையத்தில் கேட்டபோது, யோசிக்காமல் சொன்னேன்: போன் திரையில் கேமராவுக்காக ஒரு பொட்டு ஓட்டை இருக்கிறதே, அதைப் பற்றி.

கையில் போன் இருந்தால் திரையை வெள்ளையாக்கி, அந்தக் கேமராவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி மெல்லிசாக ஒரு கறுப்பு வளையம் தெரியும். அங்கே மட்டும் வெளிச்சம் வராது. அது வெற்றிடம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் திரையிலேயே அதிக நெரிசலான இடங்களில் அதுவும் ஒன்று.

எங்கள் அப்பத்தா வீட்டில் ஒரு வைத்தியச் சுவடி இருந்தது. பனையோலை, நம் பக்கத்துக்குச் சொல்லவா வேண்டும். சின்ன வயதில் அதைக் கையில் வாங்கினால், மருந்துப் பெயரைப் பார்க்க மாட்டேன், ஓட்டையைத்தான் பார்ப்பேன். கயிறு கோப்பதற்கு ஓலையில் துளை போட்டிருப்பார்கள் இல்லையா, எழுதியவர் அந்தத் துளை வரை எழுத்தாணியைக் கொண்டு வந்து, நிறுத்தி, கொஞ்சம் இடம் விட்டு, அந்தப் பக்கம் தொடர்ந்திருப்பார். ஒவ்வொரு வரியிலும் அப்படித்தான். துளையை ஒட்டி எழுதினால் கயிறு உரசி எழுத்து தேய்ந்துவிடும். எழுதியவர் பெயர் தெரியாது, ஆனால் அவர் விட்ட அந்த இடத்தில் எனக்கு அவர் கை தெரியும். ஓட்டை போட்ட திரை முதன்முதலில் என் மேசைக்கு வந்தபோது, எனக்கு அந்தச் சுவடிதான் ஞாபகம் வந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. படிக்கிறவர் கண் துளையைத் தாண்டிக் குதித்துவிடும். மின்சாரம் குதிக்காது. அதற்குக் கம்பி வேண்டும்.

திரை என்பது துணி மாதிரி. குறுக்கே கம்பிகள், நெடுக்கே கம்பிகள். குறுக்குக் கம்பி ஒவ்வொரு வரிசையாக எழுப்பிவிடும்; எவ்வளவு பிரகாசம் என்று நெடுக்குக் கம்பி சொல்லும். அகலத்தில் 1080 புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு மூன்று நிறம் என்றால் நெடுக்குக் கம்பி எத்தனை என்று கணக்குப் பாருங்கள். நான்கு மில்லிமீட்டர் ஓட்டை நூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளின் வழியில் விழுகிறது.

பல திரைகளில் குறுக்குக் கம்பிக்கு இடமிருந்தும் வலமிருந்தும் சமிக்ஞை வருவதால், நடுவில் வெட்டுப்பட்டாலும் சமாளிக்கலாம். நெடுக்குக் கம்பிக்குக் கீழே இருந்து மட்டும்தான் வரத்து. அது சுற்றித்தான் போக வேண்டும். ராமேஸ்வரத்தில் கோயிலுக்குக் குறுக்கே வண்டி போக முடியாது, ரதவீதியைச் சுற்றித்தான் போகும். அப்படித்தான். பாதிக் கம்பிகள் இடப்பக்கம், பாதி வலப்பக்கம், அரைவட்டமாக வளைந்து, ஓட்டை தாண்டியதும் தத்தம் பழைய தடத்தைப் பிடித்துக்கொள்ளும். மில்லிமீட்டர்கூட இல்லாத வளையத்தில் இடம் போதாதே? அதனால் ஒன்றன்மேல் ஒன்றாக உலோக அடுக்குகளில், நடுவில் மின்சாரம் கடக்காத காப்புப் படலம் வைத்து ஓட்டுகிறார்கள்.

இன்னொரு நுட்பம். ஓட்டை இருக்கும் வரிசையில் புள்ளிகள் குறைவு, அதனால் அந்தக் கம்பிக்குச் சுமையும் குறைவு. அப்படியே விட்டால் அந்த வரிசைகள் மட்டும் வேறு பிரகாசத்தில் பட்டையாகத் தெரியும். படகில் ஒரு பக்கம் பாரம் குறைந்தால் கல்லைத் தூக்கி வைப்போமே, அதே மாதிரி அங்கே போலிச் சுமையைச் சேர்த்துச் சமப்படுத்துகிறார்கள். அந்தச் சுமை எந்தப் படத்தையும் காட்டாது. இதை நான் படித்துத் தெரிந்துகொண்ட அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பாம்பனில் இருந்து ஒரு தம்பி, விசைப்படகில் போகிறவர், போனைக் கொண்டு வந்தார். படகுத் தளத்தில் விழுந்து, ஓட்டையின் ஓரத்தில் மயிரிழை விரிசல். "அண்ணே, ஓட்டைப் பக்கம்தானே, அங்க என்ன இருக்கு?" என்றார். மாற்றச் சொன்னேன், கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். கேமராவைச் சுற்றி மை சிந்தினாற்போல ஒரு கறை, ஓரம் ஊதா நிறம். ஓஎல்இடி, அதாவது புள்ளிகள் தாமே ஒளிரும் வகைத் திரையின் ஒளி தரும் படலத்துக்கு ஈரமும் ஆக்சிஜனும் ஆகாது. ஓட்டை போட்டால் புதிதாக ஒரு விளிம்பு உண்டாகிறது. அதன் வழியாகக் காற்று நுழையாதபடி சுற்றிலும் வரப்புக் கட்டி அடைத்திருப்பார்கள். அந்த அடைப்பில் விரிசல் விழுந்தால், நம் கடற்கரைக் காற்றில் என்ன ஆகும்? இங்கே கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடிக்கிறது.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், அங்கே ஒன்றும் இல்லை என்று நினைக்காதீர்கள். ஸ்கிரீன்கார்டை எடுக்கக் கத்தி நுனியை அந்த இடத்தில் வைக்காதீர்கள். ஓட்டைக்குக் கீழே படம் நன்றாக இருந்து, மேலே மட்டும் குட்டிக் கோடு விழுந்தால், வளையத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். அதை எந்தக் கடையிலும் ஒட்ட முடியாது.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். ஓட்டையே இல்லாமல் திரைக்கு அடியில் கேமரா வைப்பதைத்தான் கடைசியாகச் சொல்ல நினைத்தேன். 2020-இல் இசட்டிஇ ஆக்சான் 20 என்ற போன் அப்படி வந்தது. அங்கே கம்பிகளையே ஒளி ஊடுருவும் பொருளில் செய்யும் முறை உண்டு. சரி, அதற்கு இன்னொரு நாள் கூப்பிடுங்கள். வணக்கம்.