பிறந்த ஊர் வெயிலும் புதிதுதான்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கிரியோல், கடையில் பிரெஞ்சு என்று நாள் போனாலும் இந்த நேரத்துக்குத் தமிழ் நிகழ்ச்சியைத் தேடி வானொலியைத் திருப்பும் எல்லோருக்கும் என் அன்பு.

இங்கிலாந்தில் நர்ஸாக வேலை பார்த்து, ஓய்வு பெற்று மொரீஷியஸ் திரும்பியவள் நான். 1960, 70களில் நம் தீவிலிருந்து நிறையப் பேர் நர்ஸ் பயிற்சிக்கென்று அங்கே போனார்கள். அந்த வழியில் பிறகு போனவர்களில் நானும் ஒருத்தி. இப்போது பலர் திரும்பி வருகிறார்கள். வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே வசனம்தான் பேசுகிறார்கள்: "நாம இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க, நமக்கு என்ன வெயில்?" உடம்பு பிறப்புச் சான்றிதழ் பார்ப்பதில்லை. போன மாதம் எங்கே இருந்தீர்கள் என்பதுதான் அதற்குக் கணக்கு.

வெயிலுக்கு உடம்பு பழகுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் சில நாட்கள் சின்ன வேலைக்கே நெஞ்சு படபடக்கும், சிலருக்குக் கணுக்கால் வீங்கும். பிறகு இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், இதயத்துக்குச் சுமை குறையும். வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், நிறையச் சுரக்கும். அதில் போகும் உப்பும் குறையும். இதெல்லாம் நடந்து முடிய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும், அதுவும் தினமும் கொஞ்ச நேரமாவது உடம்பில் சூடு பட்டால்தான். குளிர் நாட்டுக்குப் போய் ஒரு மாதம் இருந்தால் பெரும்பாலும் எல்லாம் கரைந்துவிடும். ஒரு மாதத்துக்கே இப்படி என்றால், முப்பது வருஷம் லண்டனில் இருந்தவர் கதை என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

நம் ஊரின் சராசரி வெப்பநிலையைக் காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் பயம் வராது. கோடையில் 24.7 பாகை, குளிர்காலத்தில் 20.4 பாகை செல்சியஸ். ஆனால் சராசரி என்பது இரவையும் மேட்டு நிலத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. ஜனவரியில் தலைநகர் போர்ட் லூயிஸ் மத்தியானத்தில் நின்று பார்த்தால் வேறு கணக்கு. காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை காய்வதில்லை, வழிந்து ஓடுகிறது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்!

இன்னொன்று, பழக்கம். இங்கிலாந்தில் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடுவோம். அந்தக் கால் இங்கே வந்தும் நிற்பதில்லை. பன்னிரண்டு மணிக்குச் செடிக்கு மண் கொத்துகிறவர், ஒரு மணிக்கு நடைப்பயிற்சி போகிறவர் யாராவது தெருவில் தென்பட்டால் விசாரியுங்கள், பெரும்பாலும் புதிதாகத் திரும்பியவராக இருப்பார்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய மரவீடுகளில் முன்னால் வராங், அதாவது திறந்த தாழ்வாரம், இருக்கும், கூரை உயரமாக இருக்கும், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். 1960 ஜனவரியில் அலிக்ஸ் புயல், அடுத்த மாதமே கரோல். கரோல் வீசியபோது காற்று மணிக்கு 256 கிலோமீட்டர் வரை போனது. மரமும் தகரமும் பறந்த அந்த ஆண்டுக்குப் பிறகு ஊரெல்லாம் கான்கிரீட்டுக்கு மாறியது. மாறியது நியாயம்தான், உயிர் பிழைத்தோம். ஆனால் தட்டையான கான்கிரீட் கூரை பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் திருப்பித் தருகிறது. குளிர் நாட்டிலிருந்து வந்தவர் என்ன செய்கிறார்? அங்கே போலவே ஜன்னலை மூடிக்கொண்டு நாளெல்லாம் ஏசியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். ராத்திரி தூங்க ஏசி போடுங்கள், தப்பில்லை. பகலிலும் அதற்குள்ளேயே இருந்தால் உடம்பு எப்போது பழகும்? விடிந்ததும் ஜன்னல்களைத் திறந்து, வெயில் ஏறியதும் மேற்குப் பக்கம் திரையை இழுத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் மறுபடி திறப்பதுதான் என் வழக்கம். கூரைக்கு வெள்ளை அடித்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். கூரையில் மழைத்தண்ணீர் தேங்காமலும் பாருங்கள். 2005, 2006இல் சிக்குன்குனியா வந்து முட்டி பிடித்துக் கிடந்தவர்களிடம் கொசுவைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மேட்டு நிலத்து ஊரான கியூர்பிப்பில் வீடு வாங்குகிறேன் என்பார்கள் சிலர். 1860களில் போர்ட் லூயிஸில் மலேரியா பரவியபோதும் வசதியானவர்கள் அங்கேதான் ஏறிப் போனார்கள். ஏறக்குறைய 550 மீட்டர் உயரம், கடற்கரையை விட மூன்று நான்கு பாகை குறைவு. அங்கே இரண்டே பருவம், ஒன்று மழைக்காலம், இன்னொன்றும் மழைக்காலம் என்று கேலி செய்வார்கள். அலமாரியில் கம்பளிக் கோட்டு பூஞ்சை பிடிக்கும். அப்புறம் என்னிடம் வந்து முறையிட வேண்டாம்.

நாள்காட்டியும் நம்மைக் குழப்பும். தமிழ்நாட்டில் மார்கழிப் பனி, இங்கே மார்கழியில்தான் லிச்சி பழுத்துப் புழுக்கம் ஏறுகிறது. ஆடிக்காற்றில் அம்மி பறக்கும் என்றார்கள் அந்த ஊர்ப் பெரியவர்கள். நம் ஊரில் அம்மி பறப்பது தையிலும் மாசியிலும்.

தை என்றதும் காவடி. நான் இன்று வந்ததே முக்கியமாக இதற்காகத்தான். தைப்பூசம் கோடையின் உச்சத்தில் வருகிறது. லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் நம் பிள்ளைகள் காவடி எடுக்க வருகிறார்கள், பெருமைதான். ஆனால் அங்கே பனியில் விரதம் தொடங்கி, பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் விமானம் இறங்கி, தூக்கம் சரியாகாமல், நாக்கில் வேலும் தோளில் காவடியுமாகத் தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அன்பர்கள் ரோட்டில் தண்ணீர் ஊற்றுகிறார்கள், அது காலுக்கு. உள்ளே ஏறும் சூட்டுக்கு? ஊரிலேயே இருந்து விரதம் பிடித்த பையன் பக்கத்தில் சாதாரணமாக நடப்பான். அவன் பக்தியோடு அவன் வியர்வையும் தயாராக இருக்கிறது.

நடக்கிறவருக்குத் தலை சுற்றுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அருள் வந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காவடிக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

வெளிநாட்டில் பிள்ளை இருந்தால் இப்போதே போன் போட்டுச் சொல்லுங்கள்: பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னால் வந்துவிடு, தினமும் காலையில் கோயில் வரை நடந்து பழகு. டிக்கெட் விலை ஏறத்தான் செய்யும், லீவு கிடைப்பதும் கஷ்டம்தான். முடியாது என்றால் இந்த ஆண்டு பால்குடம் எடுக்கட்டும், அதுவும் காலை வெயிலில். வணக்கம்.