மாட்டுக்கு ஊசி என்றால் பத்துக் கேள்வி, மகளுக்கு ஊசி என்றால் ஒரு கையெழுத்து!

[திரையில்: மாட்டின் காதில் தொங்கும் மஞ்சள் வில்லை]

வணக்கம் மக்களே!

காங்கேயம் பக்கம் ஏதாவது ஓர் ஊரில் கோமாரி தடுப்பூசி முகாம் நடந்தால், போய் ஓரமாக நின்று பாருங்கள். கால்நடை மருத்துவர் மருந்தை ஏற்றுவதற்குள் கேள்விகள் வந்து விழும். "ஏனுங் டாக்டரு, இதைப் போட்டா பால் கொறையுங்களா?" "இது எட்டு மாசச் சினைங்க, போடலாமுங்களா?" "போன தடவை போட்ட இடத்துல கட்டி நின்னுச்சே, அது ஏனுங்க?" அவரும் சலிக்காமல் சொல்வார். இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சம் குறையலாம், லேசாகக் காய்ச்சல் வரலாம், கட்டி தானாகக் கரையும், ஆறு மாதம் கழித்து மறுபடி போட வேண்டும். போட்டதற்குச் சாட்சியாக, காதில் தொங்கும் வில்லையின் 12 இலக்க எண்ணில் பதிவும் ஏறிவிடும்.

அதே வீட்டில் பத்தாவது படிக்கும் பெண், சாயங்காலம் பள்ளியிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறாள். தடுப்பூசிக்கு ஒப்புதல் கேட்கும் தாள். அப்பா கேட்பது ஒரே ஒரு கேள்வி:

"எங்க அம்மிணி கையெழுத்துப் போடோணும்?"

[இடைவெளி. சிரிப்பு.]

சிரித்துவிட்டீர்களா? சரி, இப்போது அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். நாளைக்கு உன் கையில் ஏறப்போகும் ஊசி எதற்கு? தெரியாது. பெயர்? "டிடி-ன்னு சொன்னாங்க." எந்த நோய்க்கு? "ஏதோ... எல்லாத்துக்கும்."

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊசி வேண்டாம் என்று சொல்லும் வீடியோ இல்லை இது. அதை எதிர்பார்த்து உள்ளே வந்தவர்கள் இப்படியே கிளம்பலாம், வியூஸ் குறைந்தால் குறையட்டும். ஊசி போட்டுக்கொள்ளுங்கள். போடுவது என்ன என்று தெரிந்துகொண்டு போட்டுக்கொள்ளுங்கள். 13 வயது, 15 வயது ஆட்களுக்கும் அந்த உரிமை உண்டு என்பதுதான் விஷயம்.

பாடப்பகுதி வேகமாக. பள்ளியில் போடுவது டிடி. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரானது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 10 வயதில் ஒன்று, 16 வயதில் ஒன்று. குழந்தையாக இருந்தபோதே இதே நோய்களுக்கான ஊசியை ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போட்டார்கள், அப்புறம் ஒன்றரை வயதுவாக்கில், பிறகு ஐந்து வயதில். அந்தப் பாதுகாப்பு வருடம் போகப் போகக் குறையும், அதனால் மறுபடி. கை ஒரு நாள் இரண்டு நாள் வலிக்கும், சிலருக்கு லேசான காய்ச்சல். முடிந்தது. இதைச் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இந்த அரை நிமிடம்தான் பல வகுப்பறைகளில் கிடைப்பதில்லை.

"சொல்லாவிட்டால் என்ன, ஊசி வேலை செய்யாமலா போகும்?" என்று ஒருவர் கமெண்டில் கேட்பார். அவருக்காகத்தான் அடுத்த பகுதி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: குன்னூர், மலை ரயில்]

மேட்டுப்பாளையத்தில் ரயில் ஏறினால் குன்னூர். அங்கே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது, 1907இல் தொடங்கியது. அதற்கு முன்னால் நம் பக்கம் ஒருவரை வெறிநாய் கடித்தால், சிகிச்சைக்கு இமயமலைப் பக்கம் இருக்கும் கசௌலிக்குப் போக வேண்டும். அந்தக் காலத்து ரயிலில், அவ்வளவு தூரம்! போய்ச் சேர்வதற்குள் எத்தனை நாள் வீணாகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் குன்னூரில் ஒன்று வந்தது, தென்னிந்தியா முழுவதற்கும்.

அந்தக் காலத்து நாய்க்கடி ஊசி எதிலிருந்து தயாரித்தது தெரியுமா? ஆட்டு மூளையிலிருந்து. ஆமாம், ஆட்டு மூளைதான். ஆட்டுக்குள் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, மூளையில் அது பெருகியதும் எடுத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து, அதையே மருந்தாக்கினார்கள். வயிற்றில், தொப்புளைச் சுற்றி, ஒரு நாளைக்கு ஒன்று வீதம் பத்து முதல் பதினான்கு ஊசி. வலி பயங்கரம். அரிதாகச் சிலருக்கு நரம்பு பாதித்து வாதமும் வந்தது. ஆனாலும் பல உயிர்களைக் காப்பாற்றியதும் அதுதான். இந்தியாவில் அந்த வகை ஊசி 2004இல் நிறுத்தப்பட்டது.

இப்போது 15 வயதில் இருப்பவர் அந்த ஊசி ஒழிந்து பல வருடம் கழித்துப் பிறந்தவர். அவரிடம் நாய்க்கடிக்கு எத்தனை ஊசி என்று கேட்டுப் பாருங்கள். "தொப்புளைச் சுத்தி பதினாலு!" கண்ணை அகலமாக விரித்துக்கொண்டு சொல்வார். அப்புச்சி சொன்னது. அப்புச்சிக்கு அவருடைய அப்பாரு சொன்னது. பரம்பரைச் சொத்து மாதிரி இந்தப் பயம் மட்டும் பத்திரமாகக் கைமாறி வந்திருக்கிறது.

இதன் விளைவு? டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் வழியில் நாய் காலைப் பிறாண்டிவிடும். பையன் வீட்டில் மூச்சு விடமாட்டான். பேண்டை இறக்கிவிட்டுக்கொண்டு, "விழுந்துட்டேன்மா" என்பான். பதினாலு ஊசிக்குப் பயந்து உயிரைப் பணயம் வைக்கிறான், அதுவும் தெரியாமலே. வெறிநோய் அறிகுறி காட்டிய பிறகு பிழைப்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

இன்றைய நிலவரம் என்ன? சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். அப்புறம் அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் நான்கு தடவை போனால் போதும்: முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள். தசையில் போடும் முறை என்றால் ஐந்து தடவை. எல்லாம் மேல்கையில்தான், தொப்புள் பக்கம் யாரும் வரமாட்டார்கள். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். இதை ஏழாம் வகுப்பிலேயே ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்தப் பையன் ஏன் மறைக்கப்போகிறான்? அப்புச்சியைக் குறை சொல்லாதீர்கள். அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லவில்லை, அதுதான் சிக்கல்.

2017 நினைவிருக்கிறதா? தட்டம்மை, ரூபெல்லா ஊசியை 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் பள்ளி பள்ளியாகப் போட்டார்கள். விளக்கம் வருவதற்கு முன்னால் வாட்ஸ்அப் வந்துவிட்டது. அவ்வளவுதான், பாதி ஊர் பயந்து நின்றது.

இன்னொரு கதை, நம் ஊர்ப்பக்கம் நடந்தது இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டியது. 2009இல் அப்போதைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசியைச் சோதனைத் திட்டமாகப் போட்டார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. இடையில் சில பிள்ளைகள் இறந்ததால் 2010இல் திட்டம் நின்றது. விசாரித்ததில் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்றார்கள். ஒரு பிள்ளை இறந்தது பாம்பு கடித்து, இன்னொன்று தண்ணீரில் மூழ்கி. ஆனால் ஒப்புதல் படிவங்களைப் புரட்டியபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் கொடுத்த அறிக்கைப்படி, ஆந்திராவில் பார்த்த 9,543 படிவங்களில் 2,763இல் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் விடுதிக் காப்பாளர்கள். 1,948இல் வெறும் கைரேகை. நல்ல ஊசிதான். ஆனால் சொல்லாமல் போட்டதால் அதன் பெயர் பல வருடம் கெட்டுப்போனது.

இப்போது 2025-26 பட்ஜெட்டில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு அதே ஹெச்.பி.வி. ஊசியைப் போடப்போவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எனக்கு முழுச் சம்மதம். ஆனால் "ஏன் 14 வயசுலயே?" என்று ஒரு பெண் கேட்டால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே இருமல் வந்துவிடும். பதில் எளிது. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. என்ற வைரஸ் உடலுறவு வழியாகப் பரவுவது, அது உடம்பைத் தொடுவதற்கு வெகு முன்னால் போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும். பார்த்தீர்களா, சொல்லிவிட்டேன், கூரை இடிந்து விழவில்லை.

சரி, சட்டம். கொட்டாவி வருவதற்குள் முடித்துவிடுகிறேன். சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் வயது 18. அதுவரை பெற்றோர். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், விவரம் சொல்லாமல் வாங்கும் ஒப்புதல் ஒப்புதலே இல்லை என்ற பொருளில் தீர்ப்புச் சொன்னது. ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் சேர்ந்தது; அதன் 12ஆம் பிரிவு, பிள்ளையைப் பாதிக்கும் விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்கச் சொல்கிறது. இங்கிலாந்தில் 1985இல் வந்த கில்லிக் வழக்கின் தீர்ப்பு, 16 வயது ஆகாவிட்டாலும் விஷயம் நன்றாகப் புரிந்த பிள்ளை தானே ஒப்புதல் தரலாம் என்றது. அது நம் சட்டம் இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது இதுதான். இந்தியாவில் ஒரு மருந்தை ஆராய்ச்சிக்காக ஒரு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டுமானால், ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம்) விதிப்படி பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 முதல் 11 வயது என்றால் பிள்ளை வாயால் சம்மதம் சொல்ல வேண்டும். 12 வயதுக்கு மேல் 18 வரை எழுத்தில் சம்மதம் தர வேண்டும், அதுவும் அந்த வயதுக்குப் புரிகிற மொழியில் விளக்கிய பிறகு. அதாவது ஆராய்ச்சி என்றால் 12 வயதுப் பிள்ளைக்கு எல்லாம் புரியும். அதே பிள்ளை பள்ளியில் ஊசிக்கு வரிசையில் நின்றால் "சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்!" என்ன நியாயம் இது?

ஊசியோடு முடிவதில்லை. பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் நீல மாத்திரை. இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும். 10 முதல் 19 வயதுக்கு நீலம், அதற்குக் கீழே ரோஸ். அதைச் சாப்பிட்டால் மலம் கறுப்பாகப் போகும், ஒன்றும் ஆகாது, மருந்தின் வேலை அது. இதைச் சொல்லாததால் மறுநாள் காலையில் கழிப்பறையில் பயந்து, அடுத்த வாரம் மாத்திரையை ஜன்னல் வழியாக வீசுகிறார்கள். எத்தனை பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்கு ரத்தசோகையே வராதோ! சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், கூடவே டீ குடிக்காதீர்கள், டீ இரும்புச் சத்தை உறிஞ்ச விடாது.

இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. 2019இல் வெளியான ஒரு செய்தி விசாரணையில், தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களில் வேலை செய்த சுமார் 100 பெண்கள், மாதவிடாய் வலிக்குப் பெயர் இல்லாத மாத்திரைகளைக் கொடுத்தார்கள் என்று சொன்னார்கள். அட்டை இல்லை, பெயர் இல்லை, பக்கவிளைவு பற்றி ஒரு சொல் இல்லை. பனியன் கம்பெனி ஊர்களில் இந்த வீடியோவைப் பார்க்கும் தங்கச்சிகளே, பெயர் தெரியாத மாத்திரையை விழுங்காதீர்கள். அட்டையைக் காட்டச் சொல்லுங்கள்.

"எதிர்த்துப் பேசுறான்"னு சொல்லுவாங்களே என்கிறீர்களா? நம் கொங்குத் தமிழ் எதற்கு இருக்கிறது? "நர்ஸக்கா, இது என்ன ஊசிங்க? எதுக்குங்க? போட்டா என்ன பண்ணுமுங்க? எனக்கு மாத்திரை அலர்ஜி இருக்குதுங்க, போடலாமுங்களா?" இத்தனை 'ங்க' போட்டுக் கேட்டால் யாருக்குக் கோபம் வரும்? அப்படியும் வந்தால், 104க்கு அழைத்துக் கேளுங்கள், அரசு மருத்துவ ஆலோசனை எண் அது. ஊசியன்று காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள், அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். இந்த வயதில் ஊசிப் பயத்தில் மயங்குவது சகஜம். ஒருவர் விழுந்தால் பார்த்த பயத்திலேயே பின்னால் இருவர் விழுவதும் உண்டு. ஊசியில் விஷம் என்று அர்த்தமில்லை.

இப்போது வேலை உங்களுக்கு. நீங்கள் கடைசியாகப் போட்டுக்கொண்ட ஊசி எது, எதற்குப் போட்டார்கள் என்று கூகுள் பார்க்காமல் கமெண்டில் எழுதுங்கள். தெரியாவிட்டால் "தெரியாதுங்க" என்றே எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்த ஊசிக்கு அதிகமாகத் "தெரியாதுங்க" வருகிறதோ, அடுத்த வீடியோ அதைப் பற்றித்தான்.