ராத்திரி 2 மணிக்கு 38.7
வணக்கம் மக்களே. சின்னவன் இப்போதுதான் தூங்கினான், அதனால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறேன்.

2019-ல் பெரியவளுக்கு இரண்டு வயது. ஒருநாள் ராத்திரி 2 மணிக்குக் காய்ச்சல், 38.7 டிகிரி செல்சியஸ். "மண்டைக்கு ஏறிடப் போகுது" என்று மாமியார் பதறினார். மருந்துகூடக் கொடுக்காமல் டாக்சி பிடித்து, குழந்தைகள் அவசரப் பிரிவுக்கு ஓடினேன். தாதி பார்த்துவிட்டு 'பி3' என்றார். இங்கே சிங்கப்பூரில் உயிருக்கு ஆபத்து என்றால் பி1. பி3 அவ்வளவு அவசரமில்லை, மற்றவர்களைப் பார்த்த பிறகுதான் நம் முறை. விடியும் வரை உட்கார்ந்திருந்தோம். அதற்குள் என் மகள் பிஸ்கட் தின்றுவிட்டு நாற்காலிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள்! கடைசியில் கொடுத்தது பாரசிட்டமால். அதே சிரப் எங்கள் வீட்டிலேயே இருந்தது.

ஆனால் அம்மாக்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். அந்த நேரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக் மூடியிருக்கும். பலதுறை மருந்தகமும் (பாலிகிளினிக்) அப்படித்தான். காலையில் வேலைக்குப் போகணும், காய்ச்சலோடு பாலர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள். வேறு எங்கே போவது?

அப்புறம் கொரோனா. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கியூட் பிரேக்கர், அதாவது இங்கத்திய ஊரடங்கு. ஆஸ்பத்திரி என்றாலே பயம். பெரியவளுக்கு மறுபடி காய்ச்சல் வந்தபோது எடைக்கு ஏற்ற அளவில் மருந்து கொடுத்தேன். எத்தனை மணிக்குக் கொடுத்தேன், தண்ணீர் குடித்தாளா, ஒன்றுக்குப் போனாளா என்று நோட்டில் எழுதி வைத்தேன். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது. அப்போது அவசரப் பிரிவில் கூட்டம் குறைந்ததைப் பார்த்து, நாமெல்லாம் திடீரென்று புத்திசாலி ஆகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். பள்ளிகள் மூடி, முகக்கவசமும் போட்டதில் பிள்ளைகளுக்குச் சளிக் காய்ச்சல் வருவதே குறைந்துபோனது.

அந்தத் தெம்புதான் மே மாதம் என்னைக் கவிழ்த்தது. சின்னவனுக்கு ஏழு வாரம், 38.2. பால் சரியாகக் குடிக்கவில்லை. "இந்த நேரத்திலா ஆஸ்பத்திரி?" என்று ஒரு மணி நேரம் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். போனில் அக்கா கத்தினாள்: "மூணு மாசம் ஆகாத குழந்தைக்கு 38 தொட்டாலே உடனே டாக்டர் பார்க்கணும்டி, கிளம்பு!"

போனால், காத்திருக்கும் இடம் காலி. ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் டேப் ஒட்டியிருந்தது. தாதி கையைத் தொட்டுப் பார்த்ததுமே உள்ளே தூக்கிப் போனார். சிறுநீரில் கிருமித்தொற்று. அன்றே சேர்த்துக்கொண்டார்கள். கூட ஒருவர்தான் இருக்கலாம் என்பதால், என் வீட்டுக்காரர் பிளாஸ்க்கும் பையுமாக கார் நிறுத்துமிடத்திலேயே நின்றார்.