இரண்டு எழுத்துக்குத் திறந்த அலமாரி

நேயர்களுக்கு வணக்கம். பெரிய மருத்துவமனைகளில் வார்டுக்கு வார்டு தானியங்கி மருந்து அலமாரிகள் வந்துவிட்டன. டாக்டர் எழுதிய மருந்தை மருந்தாளுநர் கணினியில் சரிபார்த்த பிறகுதான் அது நோயாளியின் பெயரில் நர்ஸின் திரைக்கு வரும். தேர்ந்தெடுத்தால் உரிய அறை திறக்கும். யார், எப்போது, எதை எடுத்தார் என்பது பதிவாகும்.

அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. மருந்தாளுநரின் ஒப்புதல் வரும்வரை காத்திராமல், மருந்தின் பெயரைத் தட்டி நேரே எடுத்துக்கொள்ளலாம். இதை ஓவர்ரைட் என்கிறார்கள். இதயம் நின்றுபோனவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஒப்புதலுக்குக் காத்திருக்க முடியுமா? தேவையான வழிதான். ஆபத்தும் அங்கேதான்.

2017 டிசம்பர். அமெரிக்காவில் டென்னசி மாநிலம், நாஷ்வில் நகரம், வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை. 75 வயது அம்மா ஒருவர் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுச் சேர்க்கப்பட்டு, தேறி வந்துகொண்டிருந்தார். ஸ்கேன் எடுக்க வேண்டும். இடுக்கான இடம் என்றால் அவருக்குப் பயம். பதற்றம் தணிய வெர்செட் என்ற மருந்து எழுதப்பட்டது. நர்ஸ் அலமாரியில் அந்தப் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டினார்: வி, ஈ. வெர்செட் என்பது வணிகப் பெயர். அலமாரியோ மருந்தின் பொதுப் பெயரில் தேடும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதில் இது மிடசோலம். ஆகவே வரவில்லை. ஓவர்ரைட் போட்டு மறுபடி தட்டியபோது வந்தது வெக்குரோனியம்.

அறுவை அரங்கில், செயற்கை சுவாசம் கொடுக்கும்போது தசைகளை அசையவிடாமல் செய்யும் மருந்து அது. நினைவு இருக்கும், மூச்சு விட முடியாது. ஊசி போட்டபின் அவரைக் கண்காணிக்க ஆள் இல்லை. மறுநாள் இறந்துபோனார்.

நர்ஸ் தவறை மறைக்கவில்லை. 2022 மார்ச்சில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. மே மாதத்தில் 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. வெர்செட் திரவம், வெக்குரோனியம் கரைக்க வேண்டிய தூள். மூடியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருந்தது. இதையெல்லாம் தாண்டிப் போனதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மூச்சை நிறுத்தும் மருந்தை இரண்டு எழுத்துக்கு எடுத்துக் கொடுக்கும்படி அலமாரியை அமைத்தது அவர் இல்லையே! ஸ்கேன் பகுதியில் மருந்தின் பார்கோடைச் சரிபார்க்கும் கருவியும் இல்லை. ஓவர்ரைட் போடுவது அங்கே அன்றாடப் பழக்கம் என்றும் அவர் சொன்னார். எனக்கு இதுதான் அதிகம் உறுத்துகிறது.

அப்புறம் என்ன மாறியது? ஓவர்ரைடில் தேட குறைந்தது 5 எழுத்தாவது தட்ட வேண்டும் என்பது, மருந்துப் பாதுகாப்புக்காகவே இயங்கும் ஐ.எஸ்.எம்.பி. அமைப்பின் பரிந்துரை. தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்துகளைத் தனியாக மூடிய பெட்டியில் வைக்கவும் அது சொல்கிறது.

எந்த மருத்துவமனையிலும் ஓவர்ரைட் பதிவுகளை மாதாமாதம் எடுத்துப் பார்க்கலாம். அவசரமே இல்லாத சாதாரண மாத்திரைகள் அதில் குவிந்திருந்தால், ஒப்புதல் கிடைக்க நேரமாகிறது, நர்ஸ்கள் காத்திருந்து சலித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்போது முதலில் மருந்தகத்தில் இரவுப் பணிக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். நன்றி, வணக்கம்.