‘சூப்பர்’னு சொல்லாத, கேள்வி கேளு

(குடியாத்தம் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கூடின ஒரு கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கேன், நடுவுல கரண்ட் போனதையும் மைக் கத்தினதையும் மட்டும் விட்டுட்டேன்.)

வணக்கம் டீச்சர், வணக்கம் சார். சாப்பாட்டுக்கு முன்னாடி இருக்கற நேரத்த பார்த்து எனக்குக் குடுத்திருக்காங்க, பிரியாணி வாசனை வேற வருது, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

உங்க நாலாவது அஞ்சாவது புள்ளைங்க கட்டுரை நோட்ட ஒரு தடவ எடுத்துப் பாருங்க. "பசு ஒரு வீட்டு விலங்கு. பசுவிற்கு நான்கு கால்கள் உண்டு. பசு நமக்குப் பால் தருகிறது." முப்பது நோட்டுன்னா முப்பதுலயும் அதே பசு. இத்தனைக்கும் அதுல பாதி புள்ளைங்க வீட்ல மாடு கட்டியிருக்கு, காலைல தண்ணி காட்டிட்டு தான் ஸ்கூலுக்கே வருதுங்க, எந்த மாடு முட்டும், எது அவங்க அம்மா கை பட்டா தான் பால் விடும், ஈனறதுக்கு முன்னாடி மாடு எப்படி நிலைகொள்ளாம சுத்தும்னு நம்மள விட அதுங்களுக்கு நல்லா தெரியும். ஆனா நோட்டுல நாலு காலு தான் வருது. பசுவுக்கு நாலு காலுன்னு தெரியாத ஆளு இந்த ஜில்லாவுல யாரு இருக்காங்க, யாருக்காக இத எழுதறாங்க?

நமக்காக தான் எழுதறாங்க. டீச்சர் படிப்பாங்க, டிக் போடுவாங்க, டீச்சருக்கு தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் எதுக்கு புதுசா ஒன்னு சொல்லணும்? கதை எழுதச் சொன்னா கூட பேய் பூதம்னு எதையாவது இழுத்துவிட்டுக்குவாங்க, தகவல் கட்டுரைன்னு வந்துட்டா முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு நாமளே சட்டம் போட்டுக் குடுத்து, உள்ள நிரப்பறதையும் போர்டுல எழுதிப் போட்டுடறோம். அத பார்த்து எழுதற வேலைக்கு கட்டுரைன்னு பேரு வெச்சிருக்கோம்.

அதனால நான் தலைப்பு குடுக்கறத நிறுத்திட்டேன். "எனக்குத் தெரியாதது உனக்கு இன்னா தெரியும்?" இது ஒன்னு தான் கேள்வி. முதல்ல முழிப்பாங்க, ஒன்னும் தெரியாது மிஸ்ம்பாங்க, அப்புறம் ஒருத்தி மெதுவா எங்கம்மா பீடி சுத்துவாங்கம்பா. எனக்கு பீடி சுத்தத் தெரியாது, சொல்லுன்னு உக்காந்துட்டா போதும். வேலூர் பக்கம் அணைக்கட்டுங்கற ஊர் பக்கத்துல இருந்து வர்ற புள்ளைக்கு முள்ளுக் கத்திரிக்கா தெரியும், நம்ம இலவம்பாடி கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடு வந்துதே, அதே காய். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம்னா தோல் பதனிடற ஷாப்புல அப்பா இன்னா பண்றாருன்னு தெரியும். இங்க குடியாத்தத்துல லுங்கி தறி. கட்டுரைக்கு வேண்டிய சரக்கு பூரா வீட்லயே இருக்கு, கைடுல தேட வேண்டியதில்ல.

இப்ப இன்னிக்கு பேச வந்த விஷயம். எழுதினத யாரு படிக்கறது? பக்கத்துல உக்காந்திருக்கற புள்ளை தான். அதுக்குத் தெரியாது, அது நெஜமாவே கேக்கும்.

ஆனா "ஒருத்தர் நோட்ட ஒருத்தர் பார்த்து கருத்து சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு நாம ரெஜிஸ்டர் எழுத உக்காந்தோம்னா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். புள்ளைங்க முதல்ல கேக்கறது சிவப்பு பேனா! நாம பண்றத தான பண்ணுவாங்க. சுழி போடுவாங்க, "கையெழுத்து நல்லால்ல", "றகரம் தப்பு"ம்பாங்க, பாதி நேரம் சரியா இருந்த றகரத்த தப்பா மாத்தி வெச்சிருப்பாங்க. பிடிச்ச ஃப்ரெண்டா இருந்தா "சூப்பர்", சண்டைன்னா "மொக்கை". நியூசிலாந்துல கிரஹாம் நட்ஹால்னு ஒரு ஆராய்ச்சியாளர் புள்ளைங்க சட்டையில சின்ன மைக் மாட்டிவிட்டு வகுப்புல அதுங்க பேசறத பதிவு பண்ணாரு, அதுல தெரிஞ்சது என்னன்னா, நீ பண்றது சரி, இது தப்புன்னு ஒரு புள்ளைக்குக் கெடைக்கற பேச்சுல பெரும்பகுதி டீச்சர்கிட்ட இருந்து வர்றதே இல்ல, கூட உக்காந்திருக்கற புள்ளைங்ககிட்ட இருந்து தான் வருது, அதுலயும் பெரும்பகுதி தப்பு. இத படிச்சிட்டு சிலர், அதனால தான் சொல்றேன் இந்த வேலையே வேணாம்னு முடிவுக்கு வந்துடறாங்க. நான் அப்படி நெனைக்கல. நாம வேணாம்னாலும் அதுங்க சொல்லிக்கத்தான் போவுதுங்க. எத சொல்லணும்ங்கறத நாம தான் பழக்கணும்.

ஒம்பது வயசு புள்ளைக்கு எழுத்துப் பிழை திருத்த தகுதி இல்ல. வாக்கியம் அழகா இருக்கான்னு சொல்லவும் தகுதி இல்ல, அது நமக்கே கஷ்டம். ஆனா ஒரு விஷயத்துல அத மிஞ்ச ஆளே கெடையாது, தனக்குப் புரிஞ்சுதா இல்லையாங்கறது. அதுல அது சொல்றது தான் கடைசித் தீர்ப்பு, ஹெச்எம் கூட மாத்த முடியாது. அதனால எங்க வகுப்புல கருத்தே கெடையாது, கேள்வி மட்டும் தான். எழுதினவங்க சத்தமா படிக்கணும், நோட்ட குடுக்கக் கூடாது, குடுத்தா கண்ணு கையெழுத்துக்குத் தான் போவும். கேக்கறவங்க ரெண்டு கேள்வி கேக்கணும். எழுதினவங்க அப்பவே பதில் சொல்லிட்டு வாதாடக் கூடாது, அந்தக் கேள்விய நோட்டு ஓரத்துல எழுதிக்கணும். அவ்ளோ தான்.

முள்ளுக் கத்திரிக்கா புள்ளை எழுதினான், "எங்கள் கத்திரிக்காயில் நிறைய முள் இருக்கும், அதைப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புவோம்". கூட இருந்தவ கேட்டா, "முள்ளு குத்தாம எப்டிடா பறிப்பீங்க?" இன்னொருத்தன், "நெறையன்னா எவ்ளோ, எங்கெங்க கீது?" பாருங்க, இந்த ரெண்டு கேள்விய எந்த டீச்சரும் கேட்டிருக்க மாட்டோம், நாம நிறையங்கற வார்த்தைக்கு ஒரு டிக் போட்டுட்டுப் போயிருப்போம். மறுநாள் வந்தான், காம்புல, இலையில, காய் மேல இருக்கற தொப்பியிலன்னு முள்ளு எங்கெங்க இருக்குன்னு தனித்தனியா, காம்ப புடிக்காம காய புடிச்சி முறுக்கணும், அக்கா கையில பழைய துணி சுத்திக்கும்னு. அரப் பக்கம் எழுதற புள்ளை ரெண்டு பக்கம் எழுதியிருக்கான். நான் ஒரு வார்த்தை சொல்லல.

இன்னொன்னு பண்றோம், இது தகவல் எழுத்துக்கு மட்டும். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்துலயும் பென்சில்ல ஒரு எழுத்து. பா-ன்னா நானே பார்த்தது, கே-ன்னா யாரோ சொல்லிக் கேட்டது, ப-ன்னா புக்குல படிச்சது. பாலாற பத்தி ஒருத்தன் எழுதினான். கர்நாடகாவுல நந்தி மலையில உற்பத்தி ஆவுதுன்னு ஒரு வரி, அது ப. 2021 நவம்பர்ல வெள்ளம் கரைய தொட்டுக்கினு போச்சுன்னு ஒரு வரி, அப்ப இவனுக்கு எல்கேஜி வயசு, அம்மா தான் சொல்லியிருக்காங்க, அது கே. இப்ப மணல்ல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க, அது பா. ஒரே பக்கத்துல மூனும் வருது, எது எங்கருந்து வந்துதுன்னு அவனுக்கே தெளிவா தெரியுது. பெரிய பெரிய ஆளுங்க வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி இந்த பென்சில எடுத்தா நல்லாருக்கும், அது வேற கதை.

இதுல ஒரு நாள் நல்ல சண்டை. வேலூர் கோட்டைக்குப் போய்ட்டு வந்து ஒருத்தி எழுதினா, "கோட்டை அகழியில் முதலைகள் உள்ளன". கூட இருந்தவன் விடல, "நீ பாத்தியா?" "எங்க தாத்தா சொன்னாரு." "நானும் தான் போனேன், தண்ணி தான் கீது, முதலையே இல்ல." ரெண்டு பேரும் என்கிட்ட பஞ்சாயத்துக்கு வந்தாங்க. தீர்ப்பு சொல்ல வாய் வரைக்கும் வந்துது, அடக்கிக்கினு, தாத்தா எப்ப பார்த்தாராம் கேட்டுக்கினு வான்னு அனுப்பிட்டேன். தாத்தாவும் பார்க்கல, அவங்க தாத்தா சொன்னதாம்! மறுபடி எழுதினா: "அந்தக் காலத்தில் அகழியில் முதலை விட்டிருந்தார்கள் என்று எங்கள் தாத்தா சொன்னார். அவருக்கு அவருடைய தாத்தா சொன்னாராம். நான் போனபோது பார்க்கவில்லை." அஞ்சாவது படிக்கற புள்ளை சார். வரலாறு எழுதறவங்க இதுக்கு மேல என்ன பண்ணுவாங்க?

நெட்ல ஒரு வீடியோ இருக்கு, உங்கள்ல சிலர் பார்த்திருப்பீங்க. ரான் பெர்கர்னு அமெரிக்க ஆசிரியர் ஒருத்தர், ஐடஹோ மாநிலத்துல பாய்சிங்கற ஊர்ல ஒன்னாவது படிச்ச ஆஸ்டின்ங்கற பையன் வரைஞ்ச பட்டாம்பூச்சிய வேற புள்ளைங்ககிட்ட காட்டுவாரு. முதல் படம் நம்ம புள்ளைங்க வரையற மாதிரியே இருக்கும். கூட படிக்கற புள்ளைங்க ரெக்கையோட வடிவத்த பத்தி சொன்னத கேட்டு திருப்பி வரைஞ்சான், வடிவம் சரியானதுக்கு அப்புறம் தான் உள்ள இருக்கற கோலத்துக்குப் போனாங்க, ஆறாவது படத்த பார்த்தா ஒன்னாங்கிளாஸ் புள்ளை வரைஞ்சதுன்னு நம்பவே முடியாது. நான் அதுல எடுத்துக்கறது அந்த வரிசைய. ஒரு தடவைக்கு ஒரு விஷயம். முதல் தடவ கேக்கும்போது தகவல் மட்டும், எழுத்துப் பிழைய பத்தி மூச்சு விடக்கூடாது, அத கடைசியா நாம பார்த்துக்கலாம். பெர்கர் சொல்ற விதி, சொல்றது அன்பா இருக்கணும், குறிப்பா இருக்கணும், உதவணும். நல்ல விதி தான். ஆனா நம்ம புள்ளைங்ககிட்ட அன்பா சொல்லுன்னா சூப்பர்ல போய் நின்னுடுது, அதனால தான் நான் கேள்விக்கு மாறினேன். கேள்வில குத்தல் கம்மி, தெரிஞ்சிக்க ஆசையா கேட்டா யாருக்கும் கோவம் வராது.

யார யாரோட உக்கார வைக்கறதுன்னு ஒரு டீச்சர் காலைலயே கேட்டாங்க. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததுல இருந்து, புள்ளைங்க படிக்கற நிலைய பார்த்து கீழ இருந்து மேல அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சி உக்கார வெச்சுப் பழகிட்டோம். இந்த வேலைக்கு மட்டும் அத கலைச்சிடுங்க. மலர் புள்ளை அரும்பு புள்ளைக்கு சொல்லிக்குடுக்கற மாதிரி ஆயிடுமோன்னு பயம் வேணாம், மாட்ட பத்தின விஷயத்துல அரும்பு தான் வாத்தியாரு. மூனு மூனு பேரா உக்கார வையுங்க, ரெண்டு பேர்னா ஒருத்தர் வாயே தொறக்கலன்னா முடிஞ்சிது. எழுதவே வராத புள்ளை வாயால சொல்லட்டும், கூட இருக்கறது எழுதட்டும். நம்ம பக்கம் வீட்ல தெலுங்கு, உருது பேசற புள்ளைங்க எவ்ளோ பேர், அதுங்க முதல் தடவ பேச்சுத் தமிழ்லயே எழுதட்டும், நடுவுல வீட்டு வார்த்தை வந்தாலும் வரட்டும், கேள்வியெல்லாம் முடிஞ்சப்புறம் எழுத்துத் தமிழுக்கு மாத்திக்கலாம். முதல் வரியிலயே தமிழ திருத்த ஆரம்பிச்சா, தெரிஞ்சத சொல்லாம தெரிஞ்ச வார்த்தைய மட்டும் சொல்லும். திரும்ப நாலு காலு தான்.

நேரம் எங்க இருக்குன்னு கேப்பீங்க. வாரத்துக்கு ஒரு பீரியட் போதும், அறிவியல், சமூக அறிவியல் பாடத்தோட சேர்த்துட்டா அதுவும் தனியா வேணாம். ஈராசிரியர் பள்ளியில நாலும் அஞ்சும் ஒன்னா உக்காந்திருக்கறது இதுக்கு வசதி தான். நோட்டு அடிச்சி திருத்தி கேவலமா இருக்கும், அத யாராவது அதிகாரி பார்த்து கேட்டா, கேள்வி ஓரத்துல இருக்கறத காட்டுங்க, முதல் எழுத்தையும் ரெண்டாவதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க, பெரும்பாலும் புரிஞ்சிக்கறாங்க. புரிஞ்சிக்காதவங்களும் உண்டு, அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.

எழுதி முடிச்சது வெளிய போகணும், இது ரொம்ப முக்கியம். பிரான்ஸ்ல செலஸ்தான் ஃப்ரெனேன்னு ஒரு கிராமத்து ஆசிரியர் 1920கள்லயே வகுப்புக்குள்ள ஒரு அச்சு மிஷின் வாங்கிப் போட்டு, புள்ளைங்க எழுதினத அதுங்களே அச்சு கோத்து வேற ஊர் ஸ்கூலுக்கு அனுப்பி வெச்சாரு. நமக்கு மிஷின் வேணாம், நாலாவது அஞ்சாவது புள்ளைங்களுக்குன்னே நம்ம துறை ‘ஊஞ்சல்’ இதழ் போடுது, சுவத்துல சார்ட் இருக்கு, அதவிட பெத்தவங்க வந்து உக்கார்ற பள்ளி மேலாண்மைக் குழு கூட்டம் இருக்கு. அந்தப் பீடி கட்டுரைய அங்க தான் படிக்க வெச்சேன். இலைய கத்திரிக்கோலால வெட்டி, தூள் வெச்சி, சுத்தி, நூல் கட்டி, ஆயிரத்துக்கு இவ்ளோன்னு கூலி வரைக்கும் அழகா எழுதியிருந்தா. பின்னாடி இருந்து ஒரு அம்மா, "ஏம்மா, இலைய ஊற வெக்கறத வுட்டுட்டியே, ஊற வெக்காம வெட்னா ஒடைஞ்சி போவாதா?"ன்னாங்க. இன்னொரு அம்மா, "எவ்ளோ நேரம் குந்திக்கினு கீறோம், இடுப்பு வலிக்குதே, அத எழுதல?" அவ்ளோ நேரம் சத்துணவு, கழிப்பறைன்னு பேசும்போது வாய தொறக்காத அம்மாங்க. அந்தப் பொண்ணு அங்கயே நோட்டு ஓரத்துல ரெண்டையும் எழுதிக்கிச்சு.

மார்க் எப்படி போடறதுன்னு முன்வரிசையில சார் சைகை காட்றாரு. நான் போடறத சொல்றேன், நீங்க மாத்திக்கலாம். முதல் எழுத்துக்கு மார்க் கெடையாது. ரெண்டாவதுல, ஓரத்துல இருந்த கேள்விக்குப் பதில் வந்திருக்கான்னு பார்த்து பாதி. மீதி பாதி கேள்வி கேட்டவங்களுக்கு. கட்டுரைக்கு அடியில "கேட்டவர்"னு போட்டு அவங்க பேர எழுதணும். இது ஆரம்பிச்சதுல இருந்து பசங்க நல்ல கேள்வி கேக்கறவங்க பக்கத்துல உக்கார எடம் புடிக்கறாங்க, அதுல வர்ற சண்டைய தான் இப்ப தீர்த்துக்கினு இருக்கேன்.