பாரிஸின் அட்சரேகைக்குத் தெற்கு ஜோடியில் ஒரு பனிக்குடை: கெர்கெலன் தீவின் குக் பனிக்கவிகை

[திரையில்: உலக உருண்டை. பாரிஸ் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.]

பாரிஸ் நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 49 டிகிரியில் இருக்கிறது. அதே 49 டிகிரியைத் தெற்குப் பக்கம் எண்ணிக்கொண்டு, இந்தியப் பெருங்கடலுக்குள் தேடிப் பாருங்கள்.

[உருண்டை மெல்லச் சுழல்கிறது. நீலம், நீலம், நீலம். கடைசியில் ஒரு சின்னக் கறை.]

இதுதான் கெர்கெலன். இதுவும் பிரான்சுக்குச் சொந்தமான நிலம்தான். ஆனால் இதன் மேற்குப் பகுதியில், 2001 கணக்கில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் பரப்புக்குப் பனிக்கட்டி உட்கார்ந்திருக்கிறது. பெயர் குக் ஐஸ் கேப். தமிழில் பனிக்கவிகை என்கிறோம். கவிகை என்றால் குடை. ஒரு பள்ளத்தாக்குக்குள் ஓடுகிற பனியாறு இல்லை இது. மேட்டுநிலத்தை மேலிருந்து மூடி, நாலா பக்கமும் வழிகிற பனி. குடை என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சரி, பாரிஸில் இல்லாத பனி இங்கே எப்படி வந்தது? குளிர்காலம் பயங்கரமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தவறு. கெர்கெலனின் கடலோரத்தில் குளிர்காலச் சராசரி வெப்பம் சுமார் 2 டிகிரி செல்சியஸ். பாரிஸைவிடக் கொஞ்சம்தான் குறைவு. சங்கதி கோடையில் இருக்கிறது. இங்கே கோடைச் சராசரியே 8 டிகிரியை ஒட்டித்தான். சுற்றிலும் குளிர்ந்த கடல், மேலே ஓயாத மேகம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கவிகையின் உச்சி 1,049 மீட்டர். அங்கே கோடையும் 2 டிகிரியில்தான் நிற்கிறது. குளிர்காலத்தில் விழுந்த பனியை முழுதாக உருக்க அந்தக் கோடைக்குத் தெம்பு போதாது. மிச்சம் சேர்ந்து, அமுங்கி, கட்டியாகிறது.

[திரையில்: தீவின் குறுக்குவெட்டுப் படம். மேற்கிலிருந்து அம்புக்குறிகள்.]

இன்னொரு கேள்வி வரும். இந்தத் தீவின் மிக உயரமான மலை ரோஸ், 1,850 மீட்டர். அங்கே இருப்பவை சிறு பனியாறுகள். 1,049 மீட்டரில் மட்டும் ஏன் இவ்வளவு பெரிய பனி?

தாம்பாளத்தில் மாவைத் தூவுங்கள், தங்கும். புனலைக் கவிழ்த்து அதன் முனையில் தூவுங்கள், சரிந்துவிடும். ரோஸ் மலை அந்தப் புனல். குக் இருப்பது தாம்பாளத்தில். இரண்டரை, மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி, கரும்பாறை மேட்டுநிலமாக உறைந்த பகுதி அது. (இந்தக் குழம்பைக் கொட்டிய ஆழ்நில ஊற்றுக்கு நீண்ட கதை உண்டு. ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளையும் புவியியலாளர்கள் இதே ஊற்றோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தக் குன்றுகள் உருவான, இன்னும் மிகப் பழைய காலத்தில் இந்தியா இந்தப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்குத் தனி வீடியோ போட வேண்டும்.)

தாம்பாளம் இருந்தால் போதாதே, மாவும் வேண்டும். அதைக் கொண்டுவருவது மேற்குக் காற்று. இந்த அட்சரேகையில் உலகைச் சுற்றி ஓடும் காற்றைத் தடுக்க நிலம் மிகக் குறைவு. தென் அமெரிக்காவின் முனையைத் தாண்டினால் இந்தத் தீவு வரைக்கும் ஏறக்குறைய கடல்தான். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும் வேகம் இங்கே அதிசயமில்லை. ஈரத்தோடு வரும் காற்று மேற்குச் சரிவில் மோதி, மேலேறி, பனியைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே இறங்கும்போது அதனிடம் ஈரம் குறைவு. ஆய்வு நிலையமான போர்-ஓ-ஃபிரான்சே இருப்பது இந்தக் கிழக்குக் கரையில்தான்.

[திரையில்: பாறை இடுக்கில் ஒரு ஈ. மிக நெருக்கமாக.]

இந்த ஈயைப் பாருங்கள். இறக்கை இல்லை. காற்று கடலுக்குள் தூக்கிப் போட்டுவிடும் இடத்தில் பறப்பதைவிட நடப்பதே புத்திசாலித்தனம். கெர்கெலன் முட்டைக்கோஸின் இலைகளுக்கிடையே இது ஊர்ந்து திரிகிறது. மரம் என்று ஒன்று இந்தத் தீவில் கிடையாது.

[திரையில்: பழைய கப்பல் ஓவியங்கள்.]

வரலாறு சுருக்கமாக. 1772 பிப்ரவரியில் பிரெஞ்சு மாலுமி கெர்கெலன்-ட்ரெமாரெக் இதைக் கண்டார். அவர் கரையில் கால் வைக்கவே இல்லை, இன்னொரு கப்பலின் ஆட்கள்தான் இறங்கினார்கள். ஆனால் ஊருக்குப் போய் மன்னரிடம் வளமான நாடு ஒன்றைக் கண்டதாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது பயணத்தில் குட்டு வெளிப்பட்டு, விசாரணை, சிறை. 1776 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜேம்ஸ் குக் வந்தார். பாழ்த்தீவு என்று பெயர் வைக்கலாம், ஆனால் கெர்கெலனின் பெருமையைப் பறிக்க விரும்பவில்லை என்ற பொருளில் எழுதிவைத்தார். தீவு ஒருவர் பெயரிலும், அதன் பனி இன்னொருவர் பெயரிலும் நிலைத்துவிட்டன.

இனி முக்கியமான பகுதி. பனி சுருங்குகிறது.

[திரையில்: 1963 வரைபடம். அதன் மேல் செயற்கைக்கோள் படம் மெல்லப் படிகிறது.]

1963இல் குக் பனிக்கவிகையின் பரப்பு சுமார் 500 சதுர கிலோமீட்டர். 2001இல் சுமார் 400. நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை, ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. தென்கிழக்கில் வழியும் ஆம்பேர் பனியாறு பின்வாங்கிய இடத்தில் இப்போது ஒரு ஏரி கிடக்கிறது.

உலகம் சூடாகிறது, பனி உருகுகிறது, அவ்வளவுதானே என்று நானும் நினைத்துத்தான் இந்த வீடியோவுக்காகப் படிக்க ஆரம்பித்தேன். 2016இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1850கள் முதலான பனியின் வரவு செலவுக் கணக்கை, அதாவது விழும் பனி எவ்வளவு, உருகும் பனி எவ்வளவு என்பதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். 1960களுக்குப் பின் கூடிவந்த இழப்பில் 77 சதவீதத்துக்குக் காரணம் வறட்சி! செலவு கூடியதைவிட வரவு குறைந்துபோனதுதான் பெரிய அடி.

அந்த மேற்குக் காற்றை நினைவில் வையுங்கள். புயல்கள் ஓடும் பாதை அண்டார்டிகா பக்கமாக, தெற்கே நகர்ந்துவிட்டது. ஓசோன் படலத்தில் விழுந்த ஓட்டையும் பசுங்குடில் வாயுக்களும் இந்த நகர்வுக்குக் காரணங்கள். ஆக, வெப்பத்தை மட்டும் பார்த்தால் பிடிபடாது, அதே மனிதச் செயல் காற்றின் வழியாகவும் வந்து அடிக்கிறது. புயல் விலகினால் புதுப்பனி குறையும். புதுப்பனி வெள்ளைவெளேரென்று வெயிலைத் திருப்பியடிக்கும். அது இல்லாத இடத்தில் அடியிலிருக்கும் அழுக்கு நிறப் பழங்கட்டி வெளியே தெரியும், அது வெயிலை உறிஞ்சும். வரவு குறைந்த வீட்டில் செலவும் தானாகவே ஏறுகிற கதை.

[திரையில்: ஆம்பேர் பனியாற்றின் மேல் ஒற்றைக் கழி.]

இதையெல்லாம் அளப்பது எப்படி? மேகம் விலகும் நாட்கள் அபூர்வம் என்பதால் செயற்கைக்கோளை மட்டும் நம்ப முடியாது. பனிக்குள் ஆழமாகத் துளையிட்டு ஒரு கழியை இறக்குகிறார்கள். அடுத்த முறை வரும்போது கழி எவ்வளவு வெளியே நிற்கிறதோ, அவ்வளவு பனி போய்விட்டது என்று கணக்கு. 1970களிலேயே ஆம்பேரில் இப்படி அளந்திருக்கிறார்கள்.

தீவில் விமான நிலையம் கிடையாது. நம் தமிழ் வம்சாவளியினர் நிறையப் பேர் வாழும் ரீயூனியன் தீவிலிருந்து மாரியோன் துஃப்ரேன் என்ற கப்பல் ஆண்டுக்குச் சில தடவை மட்டும் வரும். அளவு நாடாவோடு ஒருவர் அதில் ஏறி வரும்வரை, கழி காற்றில் ஆடிக்கொண்டு நிற்கிறது.

[திரை இருள்கிறது. காற்றின் ஒலி மட்டும்.]