அரசி ஆனின் பக்க ஓரங்கள்

நண்பர்களே, நேராக ஒரு புத்தகத்துக்கே போய்விடுகிறேன். பாரிஸில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அரசி ஆனுக்காக எழுதித் தீட்டிய ஜெபப் புத்தகம். அரண்மனை ஓவியர் ஷான் பூர்திஷோன் 1503-க்கும் 1508-க்கும் இடையில் செய்தது. முழுப்பக்க ஓவியங்கள் மட்டும் 49. எனக்கு ஓவியங்களைவிட அதன் பக்க ஓரங்கள்தான் பிடிக்கும்.

முந்நூறுக்கும் மேற்பட்ட செடிகள் அந்த ஓரங்களில் நிற்கின்றன. மேலே லத்தீன் பெயர், கீழே பிரெஞ்சுப் பெயர். இலைமேல் கம்பளிப்பூச்சி, தண்டில் நத்தை, பூவில் பட்டாம்பூச்சி. ஓரிடத்தில் ஒரு பூசணிக் கொடி. ‘துருக்கிச் சுரை’ என்று பெயர் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது அமெரிக்கப் பூசணி! கொலம்பஸ் கடல் கடந்தது 1492-இல். இருபது வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்தக் கொடி ஓர் அரசியின் ஜெபப் புத்தகத்தில் படர்ந்துவிட்டது. அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, யார் இந்த ஆன்? இன்றைய பிரான்சின் வடமேற்கு மூலையான பிரிட்டனி அப்போது தனி நாடு. தந்தை இறந்தபோது ஆனுக்குப் பதினொரு வயது. அந்த வயதிலேயே அதன் ஆட்சி அவர் தலையில் விழுந்தது. பிரான்ஸ் படையெடுத்தது. 1491-இல், பதினான்கு வயதில், பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸை மணந்தார். ஆண் வாரிசு இல்லாமல் சார்லஸ் இறந்தால் அடுத்த மன்னரைத்தான் மணக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அப்படியே நடந்தது. 1499-இல் பன்னிரண்டாம் லூயியின் மனைவியானார். ஆனால் இந்த முறை பிரிட்டனியின் நிர்வாகத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அவர் செய்வித்த கலைகளை இந்த விட்டுக்கொடுக்காத மனத்திலிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பட்டத்தரசியானதும் தன் பெற்றோருக்குச் சொந்த ஊரான நான்த்தில் கல்லறை எழுப்பச் சொன்னார். மிஷேல் கொலொம்ப் செதுக்கினார். அதன் நான்கு மூலைகளிலும் நான்கு அறங்கள் பெண்ணுருவில் நிற்கின்றன. அவற்றில் விவேகத்துக்கு இரண்டு முகம்: முன்னால் இளம்பெண், தலைக்குப் பின்னால் தாடி வைத்த கிழவர். தனி நாடாக இருந்த பிரிட்டனியின் கடைசி ஆண் ஆட்சியாளரான அவர் தந்தை அந்தக் கல்லில் படுத்திருக்கிறார். நாடு கைவிட்டுப் போகும் காலத்தில் ஒரு மகள் அதை இப்படிக் கல்லில் நிறுத்திவைத்தார்.

புத்தகத்திலும் அதே மனம்தான். புகழ்பெற்ற பெண்களின் வாழ்க்கைகளை எழுதித் தரும்படி அந்த்துவான் துஃபூர் என்ற துறவியைக் கேட்டார். வீரம் காட்டிய, ஆட்சி செய்த பெண்களின் கதைகள். ஒரு பெண் இதைக் கேட்டு வாங்கினார் என்பதுதான் எனக்குப் பெரிது. மூத்த மகள் குளோதுக்கு எழுத்துப் பழக, படங்களோடு ஒரு சின்ன ஏட்டுப் புத்தகமும் உண்டு. அது இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறது.

அப்புறம் இசை. ஷான் மூத்தோன் அவருடைய ஆலயத்துப் பாடகர். அக்காலத்துப் பெரிய இசையமைப்பாளர்களில் ஒருவர். 1510-இல் இளைய மகள் ரெனே பிறந்தபோது இவருடைய இசைதான். 1514 ஜனவரியில், முப்பத்தேழு வயதுகூட நிறையாமல், புளுவா அரண்மனையில் அரசி இறந்தபோதும் இவருடைய இசைதான். “எங்கள் கண்களுக்குக் கண்ணீர் ஊற்றை யார் தருவார்” என்று தொடங்குகிறது அந்த இரங்கல் பாட்டு. நான்கு குரல்கள். கடைசியில் அவருடைய பெயரைச் சொல்லியே முடிக்கிறார்கள்: “அன்னா, அமைதியில் இளைப்பாறட்டும்.”

இப்போது அதைப் போடச் சொல்கிறேன். கேளுங்கள்.